முதுகு காட்டி உட்கார்ந்தவள்

நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. கம்பளிக்காரர் தேவாலயத்தின் பக்கக் கதவை ஒடில் லாமென்ஸ் மூன்றாவது தடவையாகத் தட்டினாள். மழை பெய்கிறதா, மூடுபனி இறங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத நாட்கள் ப்ரூஜ் நகரத்தில் நிறைய உண்டு. அன்றும் அப்படித்தான் இருந்தது. கால்வாய்த் தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். சந்தைச் சதுக்கத்து மணிக்கூண்டு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

உள்ளே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் அளவு திறந்தது.

"சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு அனுமதி இல்ல," என்றார் கமில். முப்பது வருடமாக அந்தத் தேவாலயத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது.

"நான் சுத்திப் பாக்க வரல. ஒடில். வழிகாட்டி. வெள்ளிக்கிழமை போன்ல பேசினேனே?"

"அவங்களைக் கூட்டிட்டு வர்றவதானே நீ? ரெண்டும் ஒண்ணுதான்."

ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார். தேவாலயக் குழு அவளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. முடிவு அவருடையது இல்லை. அந்தக் கோபம் அவர் கையில் குலுங்கிய சாவிக்கொத்தில் தெரிந்தது.

உள்ளே வெளியை விடக் குளிர்ந்தது. சுண்ணாம்பு வாசனையும் பழைய மெழுகுவர்த்தி வாசனையும் கலந்து கிடந்தன. வடக்குச் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உப்பிக்கொண்டு வந்ததால், கொத்தனார்கள் ஓர் ஆள் உயரத்துக்கு அதைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுரண்டிய இடத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு துளை இருந்தது. உள்ளங்கை அகலம். சாய்வாக, சுவருக்குள் நீண்டு போயிற்று.

"அந்தப் பக்கம் என்ன?"

"அறை."

"கதவு?"

"கதவு கிடையாது. லுட்கார்ட்னு ஒருத்தி. ஐந்நூறு வருஷம் ஆச்சு. நான் தனியா இருக்கணும், கடவுளைத் தவிர எனக்கு யாரும் வேண்டாம்னு சொல்லி, தன்னை உள்ள வெச்சுக் கட்டச் சொல்லிட்டா. சாப்பாடு கூரை வழியா இறங்கும். பலிபீடத்தைப் பாக்க அவளுக்கு இந்தத் துளை." கமில் துளையின் பக்கம் பார்க்காமலே பேசினார். "மனுஷியோட வீடும்மா அது. மிருகக்காட்சி சாலை இல்ல."

"நீங்க உள்ள பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏன்?"

"அடுத்தவன் வீட்டு ஜன்னல் வழியா நீ எட்டிப் பார்ப்பியா?"

ஒடில் சிரித்துக்கொண்டே மண்டியிட்டாள். கைபேசி விளக்கைத் துளைக்குள் காட்டி, ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரு ஆள் படுத்தால் சுவர் இடிக்கும் அளவுக்குச் சின்ன அறை. ஒரு கல் திண்டு. எதிர்ச் சுவரில், உட்கார்ந்தால் நெற்றி படும் உயரத்தில், ஒரு இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று மின்னியது. வேறு ஒன்றும் இல்லை. நனைந்த கம்பளியின் நாற்றம் மட்டும் மூக்கில் ஏறியது. அது தன் மேலங்கியின் நாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒடிலுக்கு வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் வழிகாட்டி வேலை. மணிக்கூண்டின் முந்நூற்று அறுபத்தாறு படிகள், அன்னங்கள் மிதக்கும் காதல் ஏரி, புனிதக் குருதி வைத்த பேழை, லேஸ் பின்னும் கடைத்தெரு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வாள். அந்த வரிசைதான் இப்போது யாருக்கும் வேண்டாமல் போயிற்று. கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஜனங்கள் தாங்களாகவே நடந்துவிடுகிறார்கள். கோடையில் அவள் பின்னால் நாற்பது பேர் வந்த காலம் போய், போன மாதம் ஒரு சனிக்கிழமை, குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தம்பதிக்காக நின்றாள். வரும் வசந்தத்துக்கு நகராட்சி புது சுற்றுலா வரைபடம் அச்சடிக்கப்போகிறது. அதில் புதிதாக ஒரே ஒரு இடம் சேர்ப்பார்கள். அந்த இடத்தைக் கொண்டுவருகிற வழிகாட்டிதான் முதல் வருடம் முழுவதும் ஆட்களைக் கூட்டிப் போகலாம். இதை விட்டால் இந்த வேலையில் தனக்கு இனி இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானமே நகர ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேவாலயத்தின் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். லுட்கார்ட் உள்ளே போன இரண்டாம் வருடமே அவளைப் பார்க்கக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. கொலோன் நகரத்திலிருந்தும், கடல் தாண்டி இங்கிலாந்திலிருந்தும் வந்தார்கள். விடுதிகளில் இடம் இல்லை. அவள் பலிபீடத்தைப் பார்ப்பதற்காக வைத்த துளையில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை யாராவது ஒருவரின் கண் இருந்தது. அடைத்துவிடுங்கள் என்று மூன்று தடவை கெஞ்சினாள். நகரத்துப் பெரியவர்கள் கேட்கவில்லை. கடைசியில் அவள் துளைக்கு முதுகைக் காட்டி, சுவரில் நெற்றியை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நீளக் கம்பை விட்டு அவளைக் குத்தினார்கள். அவள் திரும்பவே இல்லை. இருபத்திரண்டு வருடம்.

ஒடில் பதிவேட்டை மூடினாள். பாவம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே, 'இதைச் சொன்னால் ஜனங்கள் அசந்துபோவார்கள்' என்று தோன்றிவிட்டது.

சாயங்காலம் மீன்சந்தைப் பக்கத்து மதுக்கடையில் யோரிஸ் அவளைப் பிடித்துக்கொண்டான். ஒரு காலத்தில் அவளுக்குக் கணவன். ஒன்பது வருடமாகத் தொழில் எதிரி. கால்வாய்ப் படகுகளில் பாதி அவன் பேச்சைக் கேட்டு ஓடுகின்றன.

"என்னடி, ஏதோ ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்கியாமே? ஊரே சொல்லுது."

"உன் வேலையைப் பாருடா."

"ஓட்டை வழியா என்ன தெரியும்? இன்னொரு பக்கத்து ஓட்டையா?" பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சிரித்தான். "நாலு சுவரை நம்பி நீ பொழப்பு நடத்தப் போற. எனக்கே பாவமா இருக்கு. பேசாம என் படகுல டிக்கெட் கிழிக்க வா."

"உன் படகுல ஏறினதுக்கு ஏற்கெனவே பன்னெண்டு வருஷம் வாந்தி எடுத்தாச்சு."

கடையே சிரித்தது. யோரிஸும் சிரித்தான். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை. ஒடில் எழுந்து போகும்போது, தேவாலயக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவன் மதுக்கடைக்காரனிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒடில் முதல் கூட்டத்தைக் கூட்டிப் போனாள். பதினோரு பேர். எல்லோரும் அவள் மொழிக்காரர்கள். ஹாலந்திலிருந்து சிலர், பக்கத்து ஊர்களிலிருந்து சிலர். வாசலில் நின்று லுட்கார்டின் கதையைச் சொன்னாள். குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினாள். கம்பை விட்டுக் குத்திய இடம் வந்தபோது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நன்றாகவே போயிற்று.

கமில் அவர்களை உள்ளே விட்டுவிட்டு, வெளியே போய் மழையில் நின்றுகொண்டார்.

"ஒவ்வொருத்தரா மண்டி போட்டுப் பாருங்க. தள்ளாதீங்க."

முதலில் ஊட்ரெக்ட் நகரத்து ரொட்டிக்கடைக்காரர். பார்த்துவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு கல் பெஞ்சு. அவ்வளவுதான்." அடுத்த இருவரும் அதையேதான் சொன்னார்கள். நான்காவதாக ஹாசெல்ட்டிலிருந்து வந்திருந்த சகோதரிகளில் மூத்தவள் குனிந்தாள்.

"பொம்மையை ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க," என்றாள்.

"எந்தப் பொம்மை?" என்றாள் ஒடில்.

"போர்வை போத்தி உக்காந்திருக்கே, அதுதான். நிஜ ஆள் மாதிரியே இருக்கு."

இளையவள் அக்காவைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "ஆமாம்! முதுகு மட்டும் தெரியுது. என்ன ராணியம்மா, முகத்தைக் காட்ட மாட்டீங்களோ?" துளைக்குள் வாயை வைத்து அவள் கூப்பிட்டது உள்ளே போய் மோதிவிட்டுத் திரும்பி வந்தது.

ஒடிலுக்கு முதலில் யோரிஸின் ஞாபகம்தான் வந்தது. அவன் ஏதோ விளையாடியிருக்கிறான். ஆனால் அந்த அறைக்குக் கதவு இல்லை. கூரைத் திறப்பை எப்போதோ அடைத்தாயிற்று. ஒரு பொம்மையை எந்த வழியாக உள்ளே கொண்டுபோக முடியும்?

தானே பார்க்கலாம் என்று ஓர் அடி வைத்தாள். அதற்குள் ஆறாவது ஆள் குனிந்துவிட்டார்.

"போர்வை நனைஞ்சு சொட்டுது."

ஏழாவது ஆள் எழுந்திருக்கும்போது சிரிக்கவில்லை. "ஒரு காது தெரியுது," என்றார்.

"காதா? எங்களுக்குத் தெரியலையே?" என்றாள் ஹாசெல்ட் மூத்தவள்.

எட்டாவதாகப் பார்த்த பெண், "கன்னம்," என்றாள். அந்த ஒரு சொல்தான். எழுந்து போய்த் தூரத்து பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

 யாரும் விலகவில்லை. வரிசை இன்னும் நெருங்கியது. பார்க்காதவர்கள் பார்க்கத் துடித்தார்கள். பார்த்தவர்கள் இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று துளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நனைந்த கம்பளியின் நாற்றம் தேவாலயம் முழுவதும் பரவியிருந்தது.

ஒன்பதாவது ஆள் உயரமான பள்ளி ஆசிரியர். மெல்ல எழுந்தார்.

"மூக்கு நுனி தெரியுது. மூச்சு விடறா."

"போதும்," என்றாள் ஒடில். "நேரம் ஆயிடுச்சு. கிளம்பலாம்."

"நாங்க ரெண்டு பேர்தாங்க பாக்கி," என்றார் ரோட்டர்டாமிலிருந்து வந்த ஹூபர்ட். அவர் மனைவி வில்லமைன் ஏற்கெனவே குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாள். "எனக்கு முழங்கால் மடங்காது. இவளாவது பாக்கட்டும். இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ காரணம் சொல்லி அவள் மறுத்திருக்கிறாள். ஆனால் இந்தக் கூட்டம் இன்று ராத்திரியே ஊரெல்லாம் சொல்லும். வரைபடம், பின்னால் நடந்து வரும் நாற்பது பேர், யோரிஸின் முகம் எல்லாம் ஒரு நொடியில் மனதில் வந்து போயின.

ஒடில் ஓர் அடி விலகி வழிவிட்டாள்.

வில்லமைன் மண்டியிட்டுத் துளையில் கண்ணை வைத்தாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று.

இரண்டு நிமிடம்.

"என்ன தெரியுது, வில்லா?" என்றார் ஹூபர்ட்.

அவள் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு எழுந்தாள். எழுந்தாளே தவிரத் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, மூலைக்குப் போய், இரண்டு சுவரும் சேருமிடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஹூபர்ட் சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். அவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண்களை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள்.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் மெதுவாக.

"வில்லா, என்ன இது விளையாட்டு?"

"பாக்காதேன்னு சொல்றேன்ல!"

அடுத்த நொடி அவர் கன்னத்தில் நான்கு நகக்கோடுகள் இறங்கின. முப்பத்து நான்கு வருடம் அவரோடு வாழ்ந்த பெண். அன்றுவரை அவரை நோக்கிக் குரல்கூட உயர்த்தியதில்லை என்று ஹூபர்ட் பிறகு எழுதினார்.

அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வில்லமைன் வீட்டுக்குப் போனதிலிருந்து மூலையைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிகளையெல்லாம் உடைத்துவிட்டாள். மருத்துவர் வந்தால் அலறுகிறாள். கடைசி வரியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?'

மற்ற ஒன்பது பேரும் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். ப்ரூஜில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்கள். இரண்டே நாளில் நூற்று எண்பது பேர் ஒடிலிடம் இடம் கேட்டார்கள். நகராட்சியிலிருந்து போன் செய்து வாழ்த்தினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை என்று பதில் போட்டாள். புதன்கிழமை முழுவதும் அதே வேலையாக உட்கார்ந்து விரல் வலித்தது. வியாழக்கிழமை காலை கமிலுக்குப் போன் செய்தாள்.

"துளையை அடைச்சிடலாம். செங்கல் இருக்கா?"

"இருக்கு. ஆனா சாவி என்கிட்ட இல்ல. நேத்து சாயங்காலம் குழுக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் கமில். அவர் குரலில் முதல் தடவையாக அவள்மேல் கோபம் இல்லை. "உனக்குத் தெரியாதா? பதினொரு மணிக்கு யோரிஸ் ஆள் கூட்டிட்டு வர்றான்."

அப்போது பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. ஒடில் ஓடினாள். ஈரக் கல் பாவிய தெருக்களில், குதிரை வண்டிகளைத் தாண்டி, மேலங்கிப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தேவாலயத்துக்குள் இருபத்தைந்து பேருக்கு மேல் நின்றார்கள். யோரிஸ் துளைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய கதை. அவள் குரலைத் தாழ்த்தும் அதே இடத்தில் அவனும் தாழ்த்தினான்.

"யோரிஸ், வேண்டாம். எல்லாரையும் வெளிய அனுப்பு."

"அட, சொந்தக்காரி வந்துட்டா!" அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "இவங்கதான் இந்த ஓட்டையைக் கண்டுபிடிச்ச மகாராணி. இப்ப எனக்குக் கிடைச்சிடுச்சுன்னு வயிறு எரியுது."

"ஒரு அம்மா பைத்தியம் பிடிச்சு உக்காந்திருக்காடா. கடிதம் வந்திருக்கு, இதோ படி."

"நீ எழுதின கடிதமா?"

அவள் துளையை மறைத்துக்கொண்டு நின்றாள். யோரிஸ் அவள் இரண்டு தோள்களையும் பிடித்து, ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவன் மண்டியிட்டு விளக்கை உள்ளே காட்டிக் கண்ணை வைத்தான்.



"அடச்சே," என்றான் யோரிஸ். "ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். கல் பெஞ்சு இருக்கு. காலி. சும்மா கதை கட்டியிருக்க. அறையில யாருமே இல்லடி."

அறையில் யாருமே இல்லை.

 உள்ளே இல்லை என்றால்?

கூட்டத்தின் நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டாள். "அந்தத் தூணுகிட்ட திரும்பி நிக்கறாளே, அவ நம்ம கூட்டமா?"

நனைந்த கம்பளியின் நாற்றம் வந்தது.

"கீழே பாருங்க!" என்று ஒடில் கத்தினாள். "எல்லாரும்! தரையைப் பாருங்க! யாரும் தலையைத் தூக்காதீங்க!"

படகுத்துறையிலும் மணிக்கூண்டுப் படியிலும் பத்தொன்பது வருடம் கூட்டங்களை அடக்கிய குரல் அது. காரணம் கேட்காமல் அத்தனை தலைகளும் குனிந்தன. ஒடிலும் குனிந்தாள். தன் காலணியையும், அதைச் சுற்றித் தரையில் பதித்திருந்த மூன்று கல்லறைப் பலகைகளையும் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"யாரும்மா நீங்க?" என்று யோரிஸின் குரல் கேட்டது. "உங்களைத்தான். இந்தப் பக்கம் திரும்புங்க."

"யோரிஸ், பாக்காதே."

"பேசாம இரு, ஒடில். உன் ஆளுதானே இவ? வேஷம் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கியா? இரு, ஒரு படம் எடுத்துக்கறேன். ஏம்மா, கொஞ்சம் திரும்பு. முகத்தைக் காட்..."

சொல் பாதியில் நின்றது.

கைபேசி கல்லில் விழுந்து உடையும் சத்தம்.

பிறகு அந்த உயரமான மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

வெறுங்கால் நடக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கால். கல்லை விட்டு எழும்போது ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒவ்வோர் ஆளின் முன்னாலும் அது நின்று நின்று வந்தது. எங்கோ ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பிரார்த்தனை சொன்னார்.

ஒடிலின் பார்வைக்குள் ஒரு துணி விளிம்பு வந்தது. பழுப்புக் கம்பளி. தண்ணீர் சொட்டியது. அதன் கீழே இரண்டு பாதங்கள். வெயிலே படாத தோல். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

பாதங்கள் அவள் காலணிக்கு எதிரே வந்து நின்றன.

மேலே, அவள் நெற்றிக்கு மிக அருகில், பல் கிட்டித்த ஒரு குரல் கிசுகிசுத்தது. பழைய கால உச்சரிப்பு. ஆனாலும் ஒடிலின் மொழிதான்.

"இன்னும் எத்தனை பேர்?"

அந்தக் குரலில் அழுகை இல்லை. ஐந்நூறு வருடம் அடைத்து வைத்த வெறுப்பு மட்டும் இருந்தது. 

"இன்னும் எத்தனை பேர்?"

"யாரும் இல்ல," என்றாள் ஒடில். "இனிமே யாரும் வர மாட்டாங்க. நானே அடைச்சிடறேன். என் கையாலயே அடைச்சிடறேன்."

எவ்வளவு நேரம் என்று யாராலும் பிறகு சொல்ல முடியவில்லை. பக்கக் கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தபோது, துணி விளிம்பு அங்கே இல்லை. கமில் வந்திருந்தார். கையில் சுண்ணாம்புச் சட்டியும் கரண்டியும் இருந்தன. செங்கல் தள்ளுவண்டியில் வாசலில் நின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் கூட்டத்தை வெளியே அனுப்பினார். பிறகு அவரும் ஒடிலும் சேர்ந்து, துளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் விட்டுத் தடவித் தடவி ஒவ்வொரு செங்கல் துண்டாக உள்ளே தள்ளினார்கள். கோணல்மாணலாகத்தான் வந்தது. விரல் தோல் சுண்ணாம்பில் வெந்தது. முழுவதும் பூசி முடித்த பிறகுதான் இருவரும் திரும்பினார்கள்.

"இதை முதல் நாளே செஞ்சிருக்கணும்," என்றார் கமில்.

"நான்தான் விடல," என்றாள் ஒடில்.

 கையைக் கழுவ அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

யோரிஸ் தூணுக்குப் பக்கத்தில், அதைப் பார்த்தபடி, நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். கொண்டுபோக வந்தவர்கள் அவன் தலைமேல் ஒரு போர்வையைப் போட்ட பிறகுதான் நடந்தான்.

நகராட்சிக்கு ஒடில் எழுதி அனுப்பினாள்: சுவர் பலவீனம், ஆள் விடுவது ஆபத்து, அந்த இடம் வேண்டாம். வரைபடத்தில் வேறு எதையோ போட்டார்கள். வழிகாட்டி அட்டையை அவளே போய்த் திருப்பிக் கொடுத்தாள். இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பூக்கடையில் வேலை. ரோட்டர்டாமுக்கு மாதம் ஒரு தடவை கடிதம் எழுதினாள். ஜனவரியில் ஹூபர்ட்டிடமிருந்து பதில் வந்தது. வில்லமைன் இருட்டில் மட்டும் கொஞ்சம் பேசுகிறாளாம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் பேரைச் சொன்னாளாம்.

அதைப் படித்துத்தான் ஒடிலுக்கு யோரிஸைப் பார்க்கப் போகத் தைரியம் வந்தது. 'பார்க்க' என்று சொல்லக்கூடாது. அவன் அக்கா ஹில்டகார்ட் வீட்டில், தோட்டத்துப் பக்கம் உள்ள ஒரு அறையில் இருந்தான். திரைச்சீலைகள் மூடியிருந்தன. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒடில் தரையைப் பார்த்தபடியே உள்ளே போய், அவன் முதுகோடு தன் முதுகு படும்படி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு, "பூக்கடையா?" என்றான். "உனக்குப் பூன்னா தும்மல் வருமேடி."

அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அவன் முதுகு அவள் முதுகோடு கொஞ்சம் அழுத்திச் சாய்ந்தது. கல்யாணமாகி இருந்த பன்னிரண்டு வருடத்தில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். மார்ச் மாதம், தோட்டத்தில் வெயில் அடித்த ஒரு நாள். திரைச்சீலை இடுக்கில் கத்தி மாதிரி ஒரு வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. ஒடில் படகுக்காரர்களைப் பற்றி ஏதோ வம்பு சொல்லிக்கொண்டிருந்தாள். யோரிஸின் முதுகு திடீரென்று விறைத்தது.

"ஒடில்," என்றான். கிசுகிசுப்பாக. "கண்ணை மூடிக்க."

"என்ன?"

"மூடு. கேள்வி கேக்காதே."

மூடிக்கொண்டாள்.

"இத்தனை நாள் அவ இங்கதான் இருந்தா. எனக்கும் சுவருக்கும் நடுவுல. என்னையே பாத்துட்டு இருந்தா. ராத்திரி பகல் எந்நேரமும். நான் தூங்கினாலும் பாத்துட்டே இருப்பா." அவன் முதுகு பின்னால் நகர்ந்து அவள் முதுகோடு ஒட்டியது. "இப்ப எழுந்துட்டா."

  ஈரக் கால் தரையை விட்டுப் பிரிகிற சத்தம் அவர்கள் இருவரையும் மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தது. மரம் தரையில் உராய்ந்தது.

பிறகு சத்தம் இல்லை. முகத்துக்கு நேரே ஒரு குளிர் மட்டும். அது வந்து வந்து போயிற்று, யாரோ மூச்சுவிடுவதுபோல.

ஒடில் கண்ணைத் திறக்கவில்லை. இமைகள் வலிக்க வலிக்க மூடியே இருந்தாள். பின்னால் யோரிஸ் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். ஒரு மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ. கதவு திறந்தது. கோப்பைத் தட்டு கிணுகிணுக்க ஹில்டகார்ட் உள்ளே வந்தாள்.

"காபி கொண்டுவந்திருக்கேன்," என்றவள் நின்றாள். "ஏன் ஒடில், இந்த நாற்காலியை யார் உன் முன்னாடி கொண்டுவந்து போட்டது?"

ஒடில் கண்ணைத் திறந்தாள்.

மூன்றாவதாக ஒரு நாற்காலி, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில், அவள் முகத்தைப் பார்த்துப் போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. பிரம்பு இருக்கையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.